ஜும்ஆ உரை: பாகம் பிரிக்கக் கணக்குத் தந்தவர் – அல்குவாரிஸ்மீ (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

  

பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளிடம் எந்தப் பாடம் கஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலும் கணக்கு என்றுதான் சொல்வார்கள். கணக்கிலும் கூட்டல், கழித்தல் அவர்களுக்குப் பயம் இல்லை. கதை மாதிரி நாலு வரி எழுதி, தந்தையின் வயது இத்தனை, மகனின் வயது அதில் இத்தனை பங்கு, அப்படியானால் மகனின் வயது எவ்வளவு என்று கேட்கிற கணக்கு இருக்கிறதே, அதுதான் பயம். தெரியாத ஒன்றுக்கு ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு, சமன்பாடு எழுதி, விடை கண்டுபிடிக்க வேண்டும். தமிழில் இதை இயற்கணிதம் என்கிறோம். ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா.

அல்ஜீப்ரா என்பது ஆங்கில வார்த்தை இல்லை, சகோதரர்களே. அது அல்ஜப்ர் என்ற அரபி வார்த்தை. 1200 வருடங்களுக்கு முன்னால் பக்தாத் நகரத்தில் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து எடுத்தது. அந்தப் புத்தகத்தின் ஏறக்குறைய பாதி எதைப் பற்றியது தெரியுமா? இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை, அல்லாஹ் சொன்னபடி வாரிசுகளுக்கு எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றியது. நம் பிள்ளைகள் பரீட்சைக்காகப் படிக்கும் அந்தக் கணக்கை, ஒரு விதவையின் பங்கும் ஒரு பெண் பிள்ளையின் பங்கும் கூடாமல் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும் ஒருவர் உட்கார்ந்து எழுதினார். அவருடைய வாழ்வைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பக்தாதில் ஒரு கணக்கர்

அவருடைய பெயர் முஹம்மது. தந்தையின் பெயர் மூஸா. ஊர்ப் பெயரோடு சேர்த்து முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ என்று அழைக்கப்படுகிறார். குவாரிஸ்ம் என்பது மத்திய ஆசியாவில் ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள பகுதி. இன்றைக்கு உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் அந்த இடத்தில் இருக்கின்றன. அவருடைய குடும்பத்தின் வேர் அங்கே.

அவர் பிறந்தது ஏறத்தாழ கி.பி. 780, வஃபாத்தானது ஏறத்தாழ 850. இன்னொரு விதமாகச் சொன்னால் உங்களுக்கு எளிதாகப் புரியும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் பிறந்தது 780, வஃபாத்தானது 855. இருவரும் ஒரே காலத்தவர்கள், ஒரே நகரத்தில் வாழ்ந்தவர்கள். ஒருவர் ஹதீஸுக்காக வாழ்ந்தார். இன்னொருவர் கணக்கிலும் வானவியலிலும் மூழ்கியிருந்தார்.

பக்தாத் அப்போது புது நகரம். கலீஃபா மன்ஸூர் 762-ல் அதைக் கட்டத் தொடங்கினார். அவருடைய பேரர் ஹாரூன் ரஷீதின் மகன்தான் மஃமூன். மஃமூன் 813 முதல் 833 வரை ஆட்சி செய்தார். அவர் கடைசிக் காலத்தில் மார்க்க அறிஞர்களைக் கொள்கைச் சோதனைக்கு உள்ளாக்கினார். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் சங்கிலியிட்டுக் கொண்டு போகப்பட்டார்கள். அந்தத் தவறை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே மஃமூன் அறிவுத் துறைக்கு அள்ளிக் கொடுத்தார் என்பதும் வரலாறு. பைத்துல் ஹிக்மா என்ற அறிவு இல்லத்தில் கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் என்று பல மொழிகளில் இருந்த அறிவு அரபிக்கு வந்தது. அங்கேதான் அல்குவாரிஸ்மீ வேலை பார்த்தார். 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுந் நதீம் என்ற புத்தக வணிகர் தம்முடைய பட்டியலில் இவரைக் குறிப்பிடுகிறார். மஃமூனின் நூலகத்தோடு தொடர்புடையவர் என்றும், வான்கணக்கு அட்டவணைகளுக்கு மக்கள் இவரையே நம்பியிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலிருந்து போன எண்கள்

அல்குவாரிஸ்மீ எழுதிய ஒரு புத்தகம் இந்திய எண்களைப் பற்றியது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒன்பது குறிகள், இடம் காலியாக இருந்தால் அதற்கு ஒரு சிறு வட்டம். இவ்வளவுதான். இவற்றைக் கொண்டு எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம், கூட்டலாம், பெருக்கலாம். இந்த முறை நம் நாட்டில் பிறந்தது. மன்ஸூர் கலீஃபாவின் காலத்திலேயே இந்தியாவின் வானவியல் நூல் பக்தாதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் வழியில்தான் அல்குவாரிஸ்மீ ஸிந்த்ஹிந்த் என்ற தம்முடைய வான்கணக்கு அட்டவணைகளையும் அமைத்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அறிவு எங்கிருந்து வந்தாலும் அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. இது இந்தியர்களின் கணக்கு என்று பெயரைச் சொல்லியே எழுதினார். பிறர் பொருளில் மட்டும் அமானிதம் இல்லை, பிறர் அறிவிலும் அமானிதம் இருக்கிறது.

அந்த எண் புத்தகத்தின் அரபி மூலம் இன்று நம் கையில் இல்லை. லத்தீன் மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. அதில் அல்குவாரிஸ்மீ என்ற பெயர் அல்கோரித்மி என்று ஆனது. நம் இளைஞர்கள் வாய்க்கு வாய் சொல்கிறார்களே அல்காரிதம் என்று, அது வேறு ஒன்றுமில்லை, இவருடைய ஊர்ப் பெயர்தான். அடுத்து எந்த வீடியோவைக் காட்டுவது என்று உங்கள் கையில் இருக்கும் போன் முடிவு செய்கிறதே, அந்த முறைக்கு இந்த மனிதரின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பூமியின் ஊர்கள், மலைகள், கடல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளவோடு சொல்லும் ஸூரத்துல் அர்ள் என்ற நூலையும் அவர் எழுதினார்.

உடைந்ததைச் சேர்ப்பது

இப்போது அந்த முக்கியமான புத்தகத்துக்கு வருவோம். மஃமூனின் காலத்தில் எழுதியது. அதன் பெயரில் இரண்டு வார்த்தைகள்: அல்ஜப்ர், அல்முகாபலா. முன்னுரையில் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, புத்தகத்தின் நோக்கத்தைச் சொல்கிறார். வாரிசுச் சொத்து, வஸிய்யத், பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கில் எளிதானதை, பயன் உள்ளதை மட்டும் தொகுத்துத் தருகிறேன் என்கிறார். கோமுகி அணைத் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற நமக்கு, கால்வாய்க் கணக்கும் நிலக் கணக்கும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சமன்பாடுகள் அவருக்கு முன்பும் இருந்தன. பாபிலோனியர்கள், கிரேக்கர்கள், நம் நாட்டின் பிரம்மகுப்தர் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். இவர் செய்தது என்னவென்றால், அதைத் தனி இல்முவாக ஆக்கியது. எல்லாக் கணக்கையும் ஆறு வகைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, படம் வரைந்து காரணமும் காட்டினார். இன்று நாம் போடும் எக்ஸ், கூட்டல் குறி, சமக்குறி ஒன்றும் அந்தப் புத்தகத்தில் கிடையாது. எல்லாம் வார்த்தைகள்தான். தெரியாத அளவுக்கு அவர் வைத்த பெயர் ஷைஉ. அதாவது ஒரு பொருள்.

ஜப்ர் என்றால் என்ன? உடைந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கு அரபியில் ஜப்ர் என்பார்கள். இரண்டு ஸஜ்தாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நாம் கேட்கும் துஆவில் வஜ்புர்னீ என்று ஒரு வார்த்தை வருகிறதே, என்னுடைய உடைவைச் சரிசெய்வாயாக என்று கேட்கிறோமே, அதுவும் இதே வேர்ச்சொல்தான். தொழுகையில் தினமும் சொல்கிறோம், பிள்ளைகள் வகுப்பில் தினமும் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கணக்கில் ஜப்ர் என்றால், குறைந்து நிற்கும் பக்கத்தை நிறைவாக்குவது. ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு விவசாயி மரவள்ளிக் கிழங்கை வியாபாரிக்கு விற்கிறார். ஏற்கெனவே 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். 4 டன் கிழங்கு போட்டார். முன்பணத்தைக் கழித்துக்கொண்டு வியாபாரி கையில் 20,000 ரூபாய் கொடுத்தார். ஒரு டன்னுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்?

டன் விலை தெரியாது. அதை ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பொருளில் 12,000 குறைந்தால் 20,000. இந்தப் பக்கம் 12,000 குறைந்து நிற்கிறது. அது எலும்பு உடைந்த பக்கம். அந்த 12,000-ஐத் திரும்பச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் சேர்த்தால் மறு பக்கமும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தராசு சாய்ந்துவிடும். இப்போது நான்கு பொருள் 32,000. ஒரு பொருள் 8,000. இதுதான் ஜப்ர்.

பேசிய விலை டன்னுக்கு 8,500 என்றால்? டன்னுக்கு 500, மொத்தம் 2,000 ரூபாய் அந்த விவசாயிக்கு வரவில்லை. முன்பணம், கழிவு, கையில் ரொக்கம் என்று மூன்றையும் கலந்து பேசினால், கணக்குத் தெரியாதவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மலை ஏறிவிடுவார். நம் ஜமாஅத்தில் வியாபாரிகள் நிறைய பேர் இருக்கிறீர்கள். மத்யன் நகர மக்கள் அளவையிலும் நிறுவையிலும் குறைத்ததற்காக ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்தார்கள், கேட்கவில்லை, அழிக்கப்பட்டார்கள். எதிரில் நிற்பவர் எந்த மதத்தவர் என்று பார்த்து அந்தச் சட்டம் மாறாது. நம்மிடம் விற்கிறவருக்கோ வாங்குகிறவருக்கோ கணக்குப் புரியவில்லை என்றால், புரியும்படி எடுத்துச் சொல்வது நம் மீது கடமை.

பாதிப் புத்தகம் பாகப்பிரிவினைக்கு

அன்பானவர்களே! வியாபாரக் கணக்கைச் சில பக்கங்களில் முடித்துக்கொண்ட அல்குவாரிஸ்மீ, வஸிய்யத்துக்கும் வாரிசுச் சொத்துக்கும் ஏறக்குறைய பாதிப் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் வரும் ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்கிறேன். பெரிய கணக்கு இல்லை, கவனமாகக் கேட்டால் பத்தாம் வகுப்புப் படிக்காதவருக்கும் புரியும்.

ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு மகன்கள். தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வாரிசு அல்லாத ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையில் விட்டுச் சென்றது 10 திர்ஹம். இன்னொரு 10 திர்ஹம் கடனாக வெளியே இருக்கிறது. கடன் வாங்கியது யார்? அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர்தான். இப்போது யாருக்கு எவ்வளவு?

நம் வீடுகளில் நடக்கிற விஷயம் இது. தகப்பன் ஒரு மகனுக்கு வெளிநாடு போகப் பணம் கொடுத்திருப்பார், கடை வைக்கக் கொடுத்திருப்பார். அவர் மௌத்தான பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு வளரும். அல்குவாரிஸ்மீ எப்படிப் பிரித்தார் பாருங்கள்.

கடன்பட்ட மகனுக்கு வர வேண்டிய பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்குக் கடன் சொத்தில் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்கிறார். அந்தப் பங்கு எவ்வளவு? தெரியாது. ஒரு பொருள். அப்படியானால் மொத்தச் சொத்து 10 திர்ஹமும் ஒரு பொருளும். இதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போகிறது. மீதி மூன்றில் இரண்டை இரண்டு மகன்களும் சமமாகப் பிரிக்கிறார்கள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஆக ஒரு மகனின் பங்கு 10 திர்ஹத்தில் மூன்றில் ஒன்றும், பொருளில் மூன்றில் ஒன்றும். அந்தப் பங்குதான் பொருள் என்று நாம் பெயர் வைத்தோம்.

ஒரு பக்கம் முழுப் பொருள். மறு பக்கம் 10 திர்ஹத்தில் மூன்றில் ஒன்று, அதோடு பொருளில் மூன்றில் ஒன்று. இரண்டு பக்கமும் இருக்கும் பொருளின் மூன்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையை எடுப்பது போல. இதற்குப் பெயர்தான் முகாபலா. மிஞ்சியது, மூன்றில் இரண்டு பொருள், 10 திர்ஹத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சமம். இரண்டு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினால், இரண்டு பொருள் 10 திர்ஹம். ஒரு பொருள் 5 திர்ஹம்.

சரிபார்ப்போம். கையில் இருந்த 10, கடனிலிருந்து சேர்ந்த 5, மொத்தம் 15. வஸிய்யத்துக்கு 5, ஒரு மகனுக்கு 5, இன்னொரு மகனுக்கு 5. கடன்பட்ட மகன் தன் பங்கைக் கடனிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார். கையில் இருக்கும் 10 மற்ற இருவருக்கும். சண்டையே இல்லை.

இதில் நான் மிகவும் யோசித்த ஒரு விஷயம், அந்தப் பொருள் என்ற சொல். ஒருவருடைய பங்கு எவ்வளவு என்று தெரியாது. ஆனால் தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று அவர் விட்டுவிடவில்லை. முதலில் அதற்கு ஒரு பெயர் வைத்தார். அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு தேடினார். நாம் என்ன செய்கிறோம்? தங்கச்சி பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். அந்த அப்புறம் வருவதற்குள் இருபது வருடம் ஓடிவிடுகிறது.

ஸஃது (ரலி) அவர்களின் இரண்டு பெண்கள்

இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்கியது? பக்தாதில் இல்லை, மதீனாவில். ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் உஹுத் போரில் ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி இரண்டு பெண் பிள்ளைகளோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். தகப்பனார் ஷஹீதாகிவிட்டார், சொத்து முழுவதையும் பிள்ளைகளின் சிறிய தகப்பனார் எடுத்துக்கொண்டுவிட்டார், பணம் இல்லாமல் இந்தப் பெண்களுக்கு எப்படித் திருமணம் முடிப்பது என்று முறையிட்டார்கள். அல்லாஹ் இதில் தீர்ப்புச் செய்வான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. அந்தச் சகோதரரை அழைத்து, இரண்டு பெண்களுக்கும் மூன்றில் இரண்டும், தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு, மீதியை நீர் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். சொத்து 24 பங்கு என்றால், பெண்கள் இருவருக்கும் 16, தாய்க்கு 3, சகோதரருக்கு 5. முழுவதையும் எடுத்துக்கொண்டவருக்கு உண்மையில் இருந்தது 24-ல் 5 தான்.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ் பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பின்னங்களைச் சொல்கிறான். தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் எண் சொல்லப்படவில்லை, நபி (ஸல்) அவர்கள் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். ஜகாத்தின் சதவிகிதமும் அப்படித்தான். ஆனால் வாரிசுப் பங்கை மட்டும் அல்லாஹ் குர்ஆனிலேயே எண்ணாகச் சொல்லிவிட்டான். மனிதன் எங்கே தடுமாறுவான் என்று படைத்தவனுக்குத் தெரியும்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று

இப்போது அதே முறையில் நம் பகுதிக்கு ஒரு கணக்குப் போடுவோம். இது உதாரணம்தான். ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். தாய் தகப்பன் முன்பே இறந்துவிட்டார்கள். மலை அடிவாரத்தில் கரும்பு போடும் நிலம், ஒரு வீடு, கொஞ்சம் ரொக்கம், எல்லாம் சேர்த்து மதிப்பு 42 லட்சம்.

உடனே பங்கு போடக் கூடாது. முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து கடன். உரக் கடை பாக்கி, ஆள் கூலி பாக்கி, கை மாற்று வாங்கியது. மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மஹரும் கடன்தான், மறந்துவிடாதீர்கள். எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வையுங்கள். மீதி 36 லட்சம். மதரஸாவுக்கு 4 லட்சம் கொடுங்கள் என்று வஸிய்யத் செய்திருந்தார். வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள், அதுவே அதிகம் என்றும் சொன்னார்கள். 36 லட்சத்தில் மூன்றில் ஒன்று 12 லட்சம். 4 லட்சம் அதற்குள் இருக்கிறது, செல்லும். மீதி 32 லட்சம்.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சம். ஆணுக்கு இரண்டு பெண்ணின் பங்கு. மகளின் பங்கை ஒரு பொருள் என்று வையுங்கள். மூன்று மகள்களுக்கு மூன்று பொருள். மகனுக்கு இரண்டு பொருள், இரண்டு மகன்களுக்கு நான்கு. ஆக ஏழு பொருள் 28 லட்சம். ஒரு பொருள் 4 லட்சம். ஒவ்வொரு மகளுக்கும் 4 லட்சம், ஒவ்வொரு மகனுக்கும் 8 லட்சம். தாய்க்கு 4, மகள்களுக்கு 12, மகன்களுக்கு 16, கூட்டினால் 32. முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வாரிசுகள் மாறினால் பங்கு மாறும். தகப்பனார் உயிரோடு இருந்தால் ஒரு கணக்கு, ஆண் பிள்ளை இல்லை என்றால் வேறு கணக்கு. அதற்கு ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் கணக்குக் கஷ்டம் என்ற சாக்கு இனிமேல் நம்மிடம் இருக்கக் கூடாது.

பொருள் தெரிந்த பிறகு கேளுங்கள்

சகோதரர்களே! நம்மிடையே உண்மையில் என்ன நடக்கிறது? தகப்பனார் மௌத்தாகிறார். நிலத்தை மகன்கள் உழுகிறார்கள். பட்டாவை மாற்ற வேண்டும் என்று வரும்போதுதான் கட்டிக்கொடுத்த சகோதரிகளைக் கூப்பிடுகிறோம். உனக்கு அன்றைக்கே நகை போட்டோம், சீர் செய்தோம், இதில் ஒரு கையெழுத்துப் போடு என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம். அவளும் போட்டுவிடுகிறாள். ஏன்? நாளைக்குத் தாய் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். பெருநாளைக்கு அண்ணன் வந்து நிற்க வேண்டும். பிள்ளை திருமணத்துக்குத் தாய்மாமன் வேண்டும். கேட்டால் உறவு போய்விடுமோ என்ற பயம்.

தகப்பனார் உயிரோடு இருக்கும்போது கொடுத்த நகை அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கில் கழியாது. மகனைப் படிக்க வைத்த செலவை அவன் பங்கில் நாம் கழிக்கிறோமா? இல்லையே. மகளுக்கு மட்டும் ஏன் கழிக்க வேண்டும்?

அவள் மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தால் செல்லாதா என்று கேட்பீர்கள். செல்லும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 4 லட்சம் என்று தெரியாமல், ஏதோ கொஞ்சம் என்று நினைத்து ஒருத்தி கையெழுத்துப் போட்டால், அது மனப்பூர்வம் ஆகுமா? முதலில் அந்தப் பொருளைக் கண்டுபிடியுங்கள். தாளில் எழுதுங்கள். கடன் இவ்வளவு, வஸிய்யத் இவ்வளவு, உம்மாவுக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று அவள் கையில் கொடுங்கள். பங்கை அவள் பெயருக்கே ஒதுக்கிக் காட்டுங்கள். அதன் பிறகு அவள் உங்களுக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு, பரக்கத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் அது அவளுடைய ஹக், முகம் சுளிக்காதீர்கள்.

மகனுக்கு இரண்டு மடங்கு கொடுத்த அல்லாஹ், அந்த மகன் மீது குடும்பத்தைப் பார்க்கும் பொறுப்பையும் வைத்திருக்கிறான். இரண்டு மடங்கை வாங்கிக்கொண்டு பொறுப்பை விட்டவனும், இரண்டு மடங்கு போதாது என்று தங்கச்சியின் ஒரு மடங்கையும் சேர்த்துக்கொண்டவனும் நாளை என்ன பதில் சொல்வான்? பிறர் நிலத்தில் ஒரு சாண் அநியாயமாக எடுத்தவனுக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு சாணுக்கே இது என்றால், ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவருடைய நிலை என்ன?

அவர் விட்டுச் சென்றது

அல்குவாரிஸ்மீ ஏறத்தாழ 850-ல் மறைந்தார். அவருக்குப் பின் எகிப்தில் அபூ காமில் என்ற அறிஞர் இந்த இல்முவை வளர்த்தார், இவரை முன்னோடியாக ஒப்புக்கொண்டார். 1145-ல் ஸ்பெயினின் செகோவியா நகரில் ராபர்ட் என்ற ஆங்கிலேயர் அல்ஜப்ர் புத்தகத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பா அதைப் படித்தது. 1831-ல் லண்டனில் அரபி மூலமே ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகி வெளிவந்தது. 1983-ல் சோவியத் யூனியன் அவர் பிறந்து 1200 ஆண்டு ஆனதற்காகத் தபால்தலை வெளியிட்டது.

தபால்தலையும் பெயரும் பெருமைதான். ஆனால் நம் ஆள் அல்ஜீப்ரா கண்டுபிடித்தார் என்று மேடையில் பெருமை பேசிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கச்சி பங்கை அமுக்கிக்கொண்டால், அந்தப் பெருமை நமக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும். அவர் எழுதிய பாதிப் புத்தகத்தை உலகம் எடுத்துக்கொண்டு ராக்கெட் விட்டது. மீதிப் பாதி நமக்காக எழுதியது. அதை நாம் செயல்படுத்தியிருக்கிறோமா?

மூன்று காரியங்களைச் செய்வோம். ஒன்று, நம் கொடுக்கல் வாங்கலையும் மனைவிக்குத் தர வேண்டிய மஹரையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைப்போம். மௌத்து சொல்லிவிட்டு வராது. இரண்டு, நம் வீட்டில் இதுவரை பிரிக்காமல் கிடக்கும் சொத்து இருந்தால், இந்த வாரமே ஆலிமிடம் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். மூன்று, பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, கணக்கைப் பயமில்லாமல் சொல்லிக்கொடுப்போம். தன் பங்கைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்த பெண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

யா அல்லாஹ்! நாங்கள் யாருடைய ஹக்கையாவது பிடித்து வைத்திருந்தால், மௌத்துக்கு முன் அதைத் திருப்பிக் கொடுக்கும் தைரியத்தைத் தருவாயாக! எங்கள் குடும்பங்களில் உடைந்த உறவுகளைச் சேர்த்து வைப்பாயாக! இந்த இல்முவை எங்களுக்கு விட்டுச் சென்ற அல்குவாரிஸ்மீ அவர்களுக்கும், மற்ற எல்லா அறிஞர்களுக்கும் ரஹ்மத் செய்வாயாக! கணக்குக் கேட்கப்படும் நாளில் எங்கள் கணக்கை லேசாக்குவாயாக! ஆமீன். ஆமீன். யாரப்பல் ஆலமீன்.